சவலையும் சல்லடையும்: மருத்துவமனைக் குழந்தைகளின் ஊட்டக் குறைவைக் கண்டறியும் முறை

'சவலை' என்னும் சொல்லைத் தமிழாசிரியர்கள் இரண்டு இடங்களிற் சந்திப்பர். ஒன்று யாப்பிலக்கணம், மற்றொன்று வீட்டு வழக்கு. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் வாராது, அவ்வடி மூன்று சீரோடு நின்றுவிடின், அதனைச் சவலை வெண்பா என்பர். மூதுரையில் காய்ச்சிய பாலைப் பற்றிப் பேசித் தொடங்கும் பாட்டினையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். வீட்டு வழக்கிலோ, தாய் மீண்டும் கருவுற்றமையாலேனும் இளையது பிறந்தமையாலேனும் முலைப்பால் குன்றி மெலிந்துபோன மூத்த குழந்தை சவலைப் பிள்ளை எனப்படும். இரண்டு வழக்கிற்கும் பொருள் ஒன்றே. இருக்க வேண்டிய ஒன்று இல்லை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சவலை வெண்பாவை ஓசையோடு படித்துச் செல்லும் மாணவனுக்குக் குறை தோன்றுவதில்லை. சீரை எண்ணிப் பார்த்தவனுக்கே தோன்றும். சவலைப் பிள்ளையின் நிலையும் பல வேளைகளில் அத்தகையதே.

இச்சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உடன்பிறப்பு உண்டு. இன்று கானா எனப்படும் அன்றைய கோல்டுகோஸ்ட்டு நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்சு என்னும் அம்மையார், வயிறும் கால்களும் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டையாகி வரும் குழந்தைகளைக் கண்டு, அந்நோயினை 1933-இல் ஒரு மருத்துவ இதழில் விளக்கி எழுதினார். அங்குள்ள தாய்மார் தம் கா மொழியில் அந்நோயை வழங்கிய பெயரையே 1935-இல் மருத்துவ உலகிற்கும் அறிமுகம் செய்தார். அதுதான் குவாசியோர்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடல் பல கடந்த இரு மக்கள் கூட்டத்தார், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே காரணத்தைக் கண்டு ஒரே பொருள்படப் பெயர் வைத்திருக்கின்றனர். தாய்மாரின் கண்ணுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இவ்வம்மையார் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பெற்றார். சிங்கப்பூரில் குழந்தை மருத்துவம் கற்பித்தும், நோயுற்ற குழந்தைகளைப் பார்த்தும் வந்தார். தாய்ப்பால் இருக்கவும் சீனி கலந்த டின் பாலைப் பச்சிளங் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்குப் பரவி வந்ததையும், அதனால் குழந்தைகள் மடிவதையும் கண்டு, 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் அஞ்சாது பேசினார். 1941-இல் திரெங்கானுவில் பணியாற்றினார். போர் மூண்டதும் சிங்கப்பூர் வந்து, சப்பானியரிடம் அகப்பட்டுச் சாங்கிச் சிறையில் இருந்தார். போருக்குப்பின் 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். குழந்தையின் நோயைப் பார்க்கும்போதே அதன் உணவையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்து.

மருத்துவமனைக்குள் ஒரு குறை

ஊட்டக் குறைவு என்றதும் பஞ்சத்தில் அடிபட்ட நாடுகளே பலருக்கு நினைவில் வரும். ஆனால் இங்கு ஆராயப்படுவது அதுவன்று. காய்ச்சலுக்கோ, அறுவைக்கோ, இருதயக் கோளாறுக்கோ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் ஊட்டம் குன்றியவர் யார், குன்றக்கூடியவர் யார் என்பதே கேள்வி. மருந்தும் ஊசியும் நேரந் தவறாமற் கொடுக்கப்படும் அதே கட்டிலருகில், உணவுத் தட்டு தொடப்படாமலே திரும்பிச் செல்வதை எவரும் குறித்து வைப்பதில்லை என்றால், அக்குறை வறுமையால் வந்ததாகாது.

மருத்துவமனையிற் சேரும்போது குழந்தையின் எடை என்ன என்பது அதன் உயிரையே முன்னறிவிக்கும் என்பதனை மெக்சிக்கோ நகரக் குழந்தை மருத்துவமனையின் டாக்டர் பெடரிக்கோ கோமெசு என்பாரும் அவர் குழுவினரும் 1956-இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அவ்வயதுக்கு உரிய எடையில் 75 முதல் 90 விழுக்காடு வரை இருந்தால் முதல் நிலை, 60 முதல் 75 வரை இரண்டாம் நிலை, 60-க்குக் கீழ் மூன்றாம் நிலை என அவர்கள் வகுத்தனர். அவ்வகுப்புமுறை பின்னர்ப் பல நாடுகளிற் பரவியது. 1974-இல் அமெரிக்க மருத்துவர் சார்லசு பட்டர்வொர்த்து என்பார், மருத்துவமனைகளே தம் நோயாளிகளைப் பட்டினி போடுகின்றன என்று வெளிப்படையாக எழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். அவர் எழுதியது பெரியவர்களைப் பற்றி. குழந்தைகள் பக்கம் கவனம் திரும்பச் சிறிது காலம் சென்றது.

2000-இல் பாரிசிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவமனையிற் சேர்ந்த 296 குழந்தைகளைத் தொடர்ந்து எடை பார்த்து வந்ததில், அவர்களுள் 65 விழுக்காட்டினர் அங்கிருந்த நாள்களில் எடை இழந்தனர். பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தம் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேலாகவே இழந்தனர். நோயைத் தீர்க்கச் சென்ற இடத்தில் உடல் தேய்ந்து வந்த குழந்தைகள் இவர்கள். எவர் தேய்வர் என்பதனை முன்கூட்டிக் காட்டியவை மூன்று. நோயின் கடுமை ஒன்று, வழக்கமான உணவிற் பாதியைக்கூட உண்ணாமை ஒன்று, மூன்றாவது வலி. வலி என்பதனை உணவோடு சேர்த்து எண்ணியது அவ்வாய்வின் சிறப்பு. வாயில் புண் உள்ள குழந்தையும், வயிற்றில் தையல் போட்ட குழந்தையும் பசியில்லை என்றே சொல்லும். வலிக்கிறது என்று சொல்லாது.

ஏன் தேய்கிறது?

வளர்ந்த மனிதன் நாளொன்றுக்குத் தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 முதல் 35 கலோரி வெப்பம் தரும் உணவு உண்டால் போதும். ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்கோ கிலோவுக்கு 80 முதல் 100 வரை வேண்டும். உடலை நடத்துவதோடு வளர்ப்பதற்கும் அவ்வுணவே முதல். வரவு இத்தனை வேண்டியிருக்க, சேமிப்போ மிகச் சிறிது. கொழுப்பும் தசையும் பெரியவரிடம் இருப்பதுபோல் குழந்தையிடம் இருப்பு வைக்கப்பட்டிருக்கவில்லை. இந்நிலையில் காய்ச்சல் வந்தால், உடல் வெப்பம் ஒரு செல்சியசு பாகை ஏறும்தோறும் செலவு 10 விழுக்காட்டுக்குமேல் கூடுகிறது. அதே வேளையில் வாய் கசக்கிறது, வாந்தி எடுக்கிறது, வயிறு போகிறது. போதாக்குறைக்கு, நாளை காலையில் படம் எடுக்க வேண்டும், இரத்தம் எடுக்க வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்கின்றனர். அம்முறை வேறொருவருக்காகத் தள்ளிப்போனால், பட்டினியும் தள்ளிப்போகிறது. இவ்வாறு கூடிய செலவும் குறைந்த வரவும் ஒருங்கே அமைவது பிணியுற்ற குழந்தையிடத்திலேதான்.

இதனால் விளைவது மெலிவு மட்டுமன்று. புண் ஆறுவது தாமதமாகும். தொற்று எளிதிற் பற்றும். மருத்துவமனையில் இருக்கும் நாள்கள் நீளும். ஐரோப்பாவில் 12 நாடுகளைச் சேர்ந்த 14 மருத்துவமனைகளில் 2,567 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. சேரும்போதே உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தோர் 7 விழுக்காட்டினர். அவர்கள் மற்றவர்களைவிட ஒரு நாளுக்கும் மேலாகக் கட்டிலில் இருக்க நேர்ந்தது. மெலிவு மிகக் கடுமையாயிருந்தோருக்கு இது சராசரி 1.6 நாள். ஒரு நாள்தானே என்று எண்ணற்க. கூலி விட்டுவிட்டுக் கட்டிலருகில் அமர்ந்திருக்கும் தாய்க்கு அந்த ஒரு நாளின் கணக்கு வேறு.

சல்லடைச் சோதனை என்பது யாது?

சேரும் எல்லாக் குழந்தைகளையும் உணவியல் வல்லுநர் ஒருவர் தனித்தனியே உட்கார்ந்து ஆராய்வது இயலாத காரியம். ஆதலின் முதலில் ஒரு சல்லடை வேண்டும். சேர்ந்த நாளிலேயே, சில நிமிடங்களில், தாதி ஒருவர் கேட்கக்கூடிய சில கேள்விகளைக் கொண்டு, ஐயத்திற்கு உரியோரைத் தனியே பிரித்தெடுப்பதே அதன் வேலை. சல்லடை நோயின் பெயரைச் சொல்லாது, மருந்தும் சொல்லாது. இக்குழந்தையை இன்னும் நன்றாகப் பார் என்று சொல்வதோடு அதன் பணி முடிந்தது. பிரித்தெடுக்கப்பட்டோரை முழுமையாக ஆராய்வது அடுத்த கட்டம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்புவோர் உளர்.

இன்னொரு வேறுபாடு இதனினும் முதன்மையானது. மெலிந்திருத்தல் வேறு, மெலியும் ஆபத்தில் இருத்தல் வேறு. தீக்காயத்தோடு வந்த நான்கு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேற்றுவரை கொழுகொழுவென்று ஓடி விளையாடிய குழந்தை. எடைக் கருவியில் ஏற்றினால் குறை எதுவும் தெரியாது. ஆயினும் அடுத்த இரு வாரங்களில் அக்குழந்தையின் உடல், வெந்த தோலை ஆக்குவதற்குத் தன் தசையையே கரைக்கத் தொடங்கிவிடும். எடையை மட்டும் நம்பும் சோதனை இக்குழந்தையை நழுவ விடும். நாளைய எடையைப் பற்றியும் கேட்கும் சோதனையே பிடிக்கும்.

மூன்று முறைகள்

இத்துறையிற் பெயர்பெற்ற முறைகள் மூன்று. ஒன்று நெதர்லாந்தில் தோன்றிய 'ஸ்டிராங்கிட்சு'. மற்றொன்று மான்செசுட்டரில் தோன்றிய 'ஸ்டாம்பு'. இன்னொன்று கிளாசுகோவில் தோன்றிய 'பிம்சு'. பெயர்கள் யாவும் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தவை. அவற்றிற் பொருள் தேட வேண்டுவதில்லை.

நெதர்லாந்து முறையை விளக்கமாகக் காண்பது தகும். ஏனெனில் அதற்கு அளவுகோலே தேவையில்லை. நான்கு கேள்விகள் மட்டுமே. பார்த்த அளவில் குழந்தையின் கன்னம் குழிந்தோ, தோலடிக் கொழுப்பும் தசையும் குறைந்தோ காணப்படுகிறதா? ஆமெனில் 1 புள்ளி. புற்று, நாட்பட்ட இருதய நோய், நாட்பட்ட ஈரல் அல்லது சிறுநீரக நோய், தீக்காயம், எதிர்நோக்கும் பெரிய அறுவை என்றாற்போல் உடலைத் தேய்க்கும் நிலை எதுவும் உண்டா? ஆமெனில் 2 புள்ளி. கடந்த சில நாள்களில் உணவு குறைந்ததா, நாளொன்றுக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ வயிறு போயிற்றா, மூன்று முறைக்குமேல் வாந்தி உண்டா, வலியால் உண்ண முடியவில்லையா? இவற்றுள் ஒன்றேனும் ஆமெனில் 1 புள்ளி. கடந்த சில வாரங்களில் அல்லது திங்கள்களில் எடை குறைந்ததா, ஓராண்டு நிரம்பாத குழந்தையாயின் எடை ஏறாமல் நின்றதா? ஆமெனில் 1 புள்ளி. மொத்தம் ஐந்து. புள்ளி எதுவும் இல்லையேல் ஆபத்துக் குறைவு; 1 முதல் 3 வரை நடுத்தரம்; 4 அல்லது 5 ஆயின் மிகுதி. முதலிரண்டையும் மருத்துவர் பார்த்துச் சொல்வார். பின்னிரண்டையும் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

மேற்கூறிய தீக்காயக் குழந்தைக்கு இதனைப் பொருத்துவோம். தோற்றத்தில் குறையில்லை: புள்ளியில்லை. தீக்காயம்: 2. வலியால் உண்ண இயலாமை: 1. எடை குறையவில்லை: புள்ளியில்லை. ஆக மூன்று. நடுத்தர ஆபத்து. அதன்படி மருத்துவரிடம் தெரிவித்தல், வாரம் இருமுறை எடை பார்த்தல், ஒரு வாரம் கழித்து மீண்டும் இதே கேள்விகளைக் கேட்டல் ஆகியவை செய்யப்பட வேண்டும். நாட்பட்ட இருதய நோயுள்ள, கன்னம் ஒட்டிய, பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கிப் பாதியில் நிறுத்திவிடும், இரண்டு திங்களாக எடை ஏறாத கைக்குழந்தையோ ஐந்துக்கு ஐந்தும் பெற்றுவிடும். அக்குழந்தைக்கு உணவியல் வல்லுநர் அன்றே வரவேண்டும்.

2007 நவம்பரில் நெதர்லாந்து முழுவதும் 44 மருத்துவமனைகளில் மூன்று நாள்களுக்குள் 424 குழந்தைகளிடம் இம்முறை கையாளப்பட்டது. முடிவு 2010-இல் வெளியாயிற்று. சேர்ந்த குழந்தைகளில் 54 விழுக்காட்டினர் நடுத்தர ஆபத்திலும், 8 விழுக்காட்டினர் மிகுந்த ஆபத்திலும் இருந்தனர். அளந்து பார்த்ததில் 19 விழுக்காட்டினர், அஃதாவது ஐவரில் ஒருவர், சேரும்போதே ஊட்டம் குன்றியிருந்தனர். பாலும் பாற்கட்டியும் உலகுக்கு விற்கும் நாட்டின் கணக்கு இது.

மான்செசுட்டர் முறை நோய், உணவு, எடையும் உயரமும் என்னும் மூன்றுக்கும் தனித்தனியே 3 புள்ளி வரை இட்டு, மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மிகுந்த ஆபத்து என்கிறது. கிளாசுகோ முறை உயரத்திற்கேற்ற எடை, அண்மைய எடைக்குறைவு, கடந்த ஒரு வார உணவு, வரும் ஒரு வார உணவு ஆகிய நான்கைக் கேட்டு, 2 புள்ளி வந்தாலே எச்சரிக்கிறது. வரும் வாரத்தைப் பற்றிக் கேட்பது அதன் தனிச்சிறப்பு.

இம்மூன்றில் எது நல்லது? முன்னர்க் கூறிய அதே 12 நாட்டுக் குழந்தைகளிடம் மூன்றையும் ஒருங்கே கையாண்டு பார்த்து, 2016-இல் முடிவு கூறினர். மூன்று முறைகளும் ஒரே விடை சொன்னது 41 விழுக்காட்டுக் குழந்தைகளைப் பற்றி மட்டுமே. அளவிடும் முறைகளாகிய மற்ற இரண்டும் நெதர்லாந்து முறையைவிட எடை உயரக் கணக்கோடு மிகுதியாக ஒத்துவந்தன. ஆயினும் உண்மையிலேயே மெலிந்திருந்த குழந்தைகளுள் கணிசமானோர் மூன்று சல்லடைகளிலும் நழுவினர். ஆதலின் இவற்றுள் எதனையும் பரிந்துரைக்க அச்சான்றுகள் இடந்தரவில்லை என்று அவர்கள் எழுதினர்.

ஒரே விடைத்தாளை மூன்று ஆசிரியர் திருத்தி மூன்று மதிப்பெண் இட்டதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாயிராது. அதற்காகத் தேர்வையே விட்டுவிடுவதில்லையன்றோ? ஓட்டையுள்ள சல்லடையை நம்பியிருப்பது தவறு. சல்லடையே இல்லாமல் இருப்பது அதனினும் பெருந்தவறு. முறைகளைப் பற்றிய வழக்குத் தீரும்வரை காத்திராமல், ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனோடு எடையையும் உயரத்தையும் ஒழுங்காக அளந்துவருவதே தக்கது எனத் தோன்றுகிறது.

அளத்தலின் நுட்பம்

ஒழுங்காக அளத்தல் என்பது சொல்லுக்கு எளிது. கைக்குழந்தையை ஆடையின்றி நிறுக்க வேண்டும். நனைந்த அரைத்துணி ஒன்றே ஒரு வார எடையேற்றத்தைப் பொய்யாக்கிவிடும். ஊசி அசையாதிருக்கக் கையிற் கட்டிய பலகையின் எடையைக் கழிக்க வேண்டும். இரண்டு வயதுவரை படுக்கவைத்து நீளமும், அதன்பின் நிற்கவைத்து உயரமும் எடுக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையே 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. நிமிர்ந்து நிற்க இயலாத குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழுள்ள நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பர்.

அளந்ததை எதனோடு ஒப்பிடுவது? 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் தாய்ப்பாலுண்டு வளர்ந்த குழந்தைகளை அளந்து, உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் ஐந்து வயது வரைக்குமான வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. அவ்வளவுகளின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குக் கீழே இருப்பது குறை என்று கொள்ளப்படும். நலமாயுள்ள 1000 குழந்தைகளை எடுத்தால், அக்கோட்டுக்குக் கீழே இயல்பாகவே 23 பேர்தாம் இருப்பர். உயரத்திற்கேற்ற எடை குறைந்தால் அண்மையில் வந்த மெலிவு. வயதிற்கேற்ற உயரம் குறைந்தால் நெடுநாள் குறையால் வந்த குறுக்கம். முன்னது சில வாரங்களில் வருவது. பின்னது பல திங்களாக, ஏன், கருவிலிருந்தே, வந்துகொண்டிருப்பது.

எடைக் கருவியும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தை, நரம்பில் நீர் ஏற்றியதும் ஒரே நாளில் எடை கூடும், அது ஊட்டமன்று. சிறுநீரக நோயிலும் குவாசியோர்க்கரிலும் உடலில் தேங்கிய நீர், மெலிவை மறைத்துவிடும். இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்திப் பார்த்து, இரண்டிலும் குழி விழுந்தால் எடை எவ்வளவாயினும் அதனை நம்புதல் ஆகாது. இத்தகைய வேளைகளில் கைகொடுப்பது நாடா ஒன்றே. ஆறு திங்கள் முதல் ஐந்து வயது நிரம்பும்வரை, இடக்கையின் தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் சுற்றளவு எடுத்து, 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக் குறைவு, 11.5-இலிருந்து 12.5-க்குள் இருந்தால் நடுத்தரம் என்பர். சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறமிட்ட இந்நாடாவை எழுத்தறியாத தாயும் படிக்கலாம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை கைச்சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை என்பதே இதன் அடிப்படை.

கண்டபின் செய்வது

ஆபத்து என்று தாளில் எழுதிக் கட்டிலில் மாட்டிவிட்டு வாளாவிருப்பின், அத்தாளால் பயனில்லை. அதே வேளையில், மெலிந்த குழந்தையைக் கண்ட இரக்கத்தில் வாரி வழங்குவதும் தீங்கு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டோர் சிலர், வயிறார உண்ட சில நாள்களில் மடிந்தனர். பட்டினிக்குப் பழகிய உடலில் மாவுப்பொருள் திடீரெனச் சேர்ந்தால், இரத்தத்திலுள்ள பாசுபேட்டு, பொட்டாசியம் முதலிய உப்புகள் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு வீழும், இருதயம் தடுமாறும். ஆகையாற்றான் கடுமையான ஊட்டக் குறைவுள்ள குழந்தைக்கு முதற்கட்டத்தில் 100 மில்லி லிட்டருக்கு 75 கலோரி தரும் பாற்கலவையைச் சிறுகச் சிறுக, இரவிலுங்கூட, ஊட்டுகின்றனர். உடல் நிலைபெற்று, பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பின்னரே 100 மில்லி லிட்டருக்கு 100 கலோரி தரும் கலவைக்கு மாற்றுகின்றனர். விரதம் முடித்தவர் கஞ்சியிலிருந்து தொடங்கும் வழக்கமும் இந்நெறியைச் சார்ந்ததே.

பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2019-இல் எடுக்கப்பட்ட மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியவர்கள்; 14.1 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள், 9.7 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள். இவர்களே சில ஆண்டுகளில் முதலாம் வகுப்பில் வந்து அமர்பவர்கள். ஐவரில் ஒருவர் குறுகியிருக்கும் நாட்டில், குறுகிய குழந்தை எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. பக்கத்துப் பிள்ளையும் அதே உயரந்தானே என்ற ஆறுதல் பெற்றோருக்குக் கிடைத்துவிடுகிறது, ஆசிரியருக்கும்.

சல்லடைச் சோதனையின் கேள்விகளுள் மிகக் கடினமானது, எடை முன்பு எவ்வளவு இருந்தது என்பதே. நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்க்கு அது எங்ஙனம் நினைவிருக்கும்? ஆறு வயதுவரை அரசாங்கச் சுகாதார நிலையத்துப் பதிவுப் புத்தகத்தில் எடையும் உயரமும் இருக்கும்; அதனைக் கையோடு கொண்டுசெல்லும் பழக்கம் எல்லாரிடத்தும் இல்லை. பள்ளிப் பருவத்தில் அப்புத்தகமும் பெட்டிக்குள் சென்றுவிடுகிறது. அப்பொழுது குழந்தையின் பழைய எடையை அறிந்த இடம் பெரும்பாலும் பள்ளி ஒன்றே. 2008-இல் தொடங்கப்பெற்ற செகாக்கு உடற்றிறன் சோதனைக்காக நான்காம் வகுப்பு முதல் மாணவரின் உயரமும் எடையும் அளந்து எழுதப்படுகின்றன. அவ்வெண்கள் பதிவேட்டுக்காக எழுதப்பட்டு, பதிவேட்டிலேயே உறங்குகின்றன. மாணவன் ஒருவன் மருத்துவமனையிற் சேர்ந்திருக்கிறான் என்று செய்தி வந்தால், அவ்விரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தனுப்பலாம். கூடவே, கடந்த சில வாரங்களில் சிற்றுண்டிச் சாலையில் அவன் உண்டானா, உண்ணாமல் ஒதுங்கியிருந்தானா என்பதனையும் ஒரு வரியில் எழுதலாம். பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் வேளையில் அதனைக் கண்டவர் ஆசிரியர்தாம்.

திரும்பி வரும்போதும் அவ்வாறே. மூன்று வாரம் படுத்திருந்து வந்த மாணவனின் சட்டை தொளதொளவென்று தொங்குவதைக் கண்டு, உடம்புக்கு வந்தால் இப்படித்தான் என்று விட்டுவிடுவது இயல்பு. பள்ளியில் எடைக் கருவி இருக்கிறது. திரும்பிய வாரத்தில் ஒருமுறையும், ஒரு திங்கள் கழித்து ஒருமுறையும் ஏற்றிப் பார்த்து, ஏறவில்லையெனில் பெற்றோரிடம் சொல்லிச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. எண்ணை எழுதும்போது அளந்த நாளையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். நாள் குறிக்காத எடையைக் கொண்டு, குழந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று மருத்துவராற் சொல்ல இயலாது.